புத்தகம் பார்த்து ஜெபம் செய்வது ஏன்? சி.எஸ்.ஐ. சபைக்குப் புதிதாக வந்தவளின் கேள்விகள்

#1 கோவைப்பெண்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் கோயம்புத்தூரில் பெந்தெகொஸ்தே சபையில் பிறந்து வளர்ந்தவள். போன ஆவணியில் கல்யாணமாகி, இப்போது நாசரேத் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கணவர் வீட்டார் ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார். நல்ல மனிதர்கள். எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு ஊர் புதிதாகிவிடுகிறது.

எங்கள் சபையில் ஆராதனை என்றால் வாய்விட்டுத் துதிப்போம், கை தட்டிப் பாடுவோம். யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். இங்கே முதல் மணி, இரண்டாம் மணி அடித்ததும் எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து, அச்சடித்த புத்தகத்தைத் திறந்துகொள்கிறார்கள். ஐயர் (இங்கே போதகரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) ஒரு வரி சொல்கிறார், சபை ஒரு வரி சொல்கிறது. போன வாரமும் அதே வரிதான், அடுத்த வாரமும் அதே வரிதான். பாவ அறிக்கையைக்கூடப் புத்தகம் பார்த்துத்தான் செய்கிறார்கள். என் பாவம் எப்படிப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும்? இதை நான் கேலியாகக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இன்னொரு விஷயம். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். பிள்ளை பிறந்ததும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று அத்தை இப்போதே ஞானப்பெற்றோர் யார் யார் என்று பேச ஆரம்பித்துவிட்டார். என் அம்மாவோ போனில் அழுகிறார். விசுவாசிக்கத் தெரியாத பிள்ளையின் தலையில் தண்ணீர் தெளித்தால் அது ஞானஸ்நானமே இல்லை என்பதுதான் நான் கற்றது. கணவர் இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கிறார்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து காலம் வேறு தொடங்கிவிட்டது. கோயிலில் ஊதாத் துணி போட்டிருக்கிறார்கள், பெண்கள் வெள்ளைச் சேலையில் வருகிறார்கள், கல்யாணம் எதுவும் கிடையாது என்கிறார்கள். இதையெல்லாம் உள்ளே இருந்து அறிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும். சண்டை வேண்டாம்.

#2 தேரிக்காட்டான்

மகளே, உன் கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். முப்பது வருஷமாக எங்கள் சபையில் வேதபாடம் வாசிக்கிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சரித்திரம். உன் புகுந்த வீட்டுப் பக்கத்தில் இருக்கும் முதலூர் 1799-இல் உண்டான ஊர். சாதியாரின் துன்பம் தாங்காமல் வந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக, தாவீது சுந்தரானந்தம் என்ற நம்மூர் உபதேசியார் முன்னின்று அமைத்தது. 1820-இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு சபைகள் ஊர் ஊராகப் பெருகின. பெரும்பாலும் பனையேறிகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஒரு ஐயருக்குப் பத்து இருபது ஊர் இருக்கும். அவர் ஒரு ஊருக்கு மாதம் ஒருமுறை வந்தாலே பெரிது. மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். காலையில் மணி, சாயங்காலம் மணி, கூடி ஜெபம். இந்த நிலையில் சபை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் பதிந்த வார்த்தைகளைத்தான். சங்கீதம், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், பாவ அறிக்கை எல்லாம் காதால் கேட்டு நெஞ்சில் ஏறியவை. புத்தகம் அவர்கள் கைக்கு வந்தது அப்புறம்தான்.

என் அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஓலைப்பெட்டி முடைந்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கும். கோயிலில் எப்போதும் மூன்றாவது வரிசை, தூண் ஓரம். ஒருமுறை புதிதாக வந்த இளம் ஐயர் மாறி மாறிச் சொல்லும் சங்கீதத்தில் ஒரு வசனத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். புத்தகம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவர் பின்னாலேயே போனார்கள். ஆச்சி மட்டும் விட்டுப்போன வசனத்தை உரக்கச் சொன்னாள். சபை நின்றது. ஐயர் திரும்பி வந்து அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு மேலே போனார். எனக்கு அப்போது பத்து வயது. அவள் கையில் புத்தகம் இல்லை என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவ அறிக்கையைப் பற்றிக் கேட்டாய். அதில் உன் பாவம் அச்சாகவில்லை அம்மா. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று சபை முழுவதும் சேர்ந்து சொல்கிறது. அந்த இடத்தில் நீ செய்யாமல் விட்டது எது என்று நீதான் நிரப்ப வேண்டும். ஆச்சி அந்த வரிக்கு வந்ததும் ஒரு நொடி நிறுத்துவாள். என்ன நினைத்தாள் என்று நான் கேட்டதில்லை.

வாய்க்கு வந்தபடி ஜெபிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு ஜெபம் அப்படித்தான். ஆனால் கோயிலில் ஒருத்தர் வாயில் வருகிற ஜெபத்துக்கு மற்றவர்கள் ஆமென் சொல்வதும், எல்லார் வாயிலும் ஒரே ஜெபம் இருப்பதும் வேறு வேறு. ஐயர் நன்றாகப் பிரசங்கம் செய்யத் தெரியாதவராக இருந்தாலும் அன்றைக்கு ஆராதனை கெட்டுப்போகாது. ஏனென்றால் பாதிக்கு மேல் சபையிடம்தான் இருக்கிறது.

#3 திறந்தவானம்

சகோதரி, நான் மறுபக்கத்தில் இருந்து வந்தவன். சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தேன், குழந்தை ஞானஸ்நானம், பிறகு வளர்ந்ததும் விசுவாசத்தைத் தன் வாயால் உறுதி செய்யும் திடப்படுத்தல் எல்லாம் ஆனது. 22 வயதில்தான் ஆண்டவரை உண்மையாக அறிந்தேன் என்று சொல்வேன். தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன்.

தேரிக்காட்டான் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் திடப்படுத்தல் வகுப்பில் வினாவிடையை மனப்பாடம் செய்து ஒப்பித்த எங்களில் எத்தனை பேருக்கு அதன் பொருள் தெரிந்திருந்தது? நான் ஆறு வருஷம் அந்தப் பாவ அறிக்கையைச் சொன்னேன். ஒருநாளும் என்னைக் குத்தவில்லை. ஒரு சின்னக் கூரைக் கொட்டகையில் ஒரு பெயிண்டர் அண்ணன் அழுதுகொண்டே தன் குடிப்பழக்கத்தைச் சொல்லி ஜெபித்தபோதுதான் என்னைக் குத்தியது. எழுதப்பட்ட வார்த்தை மனப்பாடமாகிவிட்டால் அது நாக்கிலேயே நின்றுவிடும் ஆபத்து உண்டு.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். முழுக்கு எடுத்ததற்காக ஊர்ச் சபையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்திலிருந்து என்னை விலக்கி வைத்தார்கள். ஒரே ஞானஸ்நானம் என்பது அவர்கள் விசுவாசம், மறுபடி எடுப்பது முதலாவதை மறுதலிப்பது என்று சொன்னார்கள். அந்த நியாயத்தை இன்று புரிந்துகொள்கிறேன். ஆனால் அப்பாவின் அடக்க ஆராதனையில் வேதபாடம் வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை. மூத்த மகன் நான். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் என்றுதான் மாற்கு 16:16 வரிசை சொல்கிறது. விசுவாசம் முதலில். உங்கள் அம்மாவின் கண்ணீரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

#4 பனங்குருத்து

கோவைப்பெண் தங்கச்சி, இரண்டு பேரும் கோயிலுக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறார்கள். நம் சபையின் பாதி விசுவாசம் அடுப்படியில் இருக்கிறது. உன் அத்தை சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது கவனித்தாயா? அரிசி களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவார். எங்கள் வீட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், மூடி துருப்பிடித்தது. தினமும் ஒரு கைப்பிடி. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவோம். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அம்மா அந்தக் கைப்பிடியை நிறுத்தவில்லை. கையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வார், அவ்வளவுதான். உபதேசியார் சம்பளம், மிஷன் காணிக்கை என்று பலதும் இப்படிச் சேர்ந்த அரிசியிலிருந்து போனது.

1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் இல்லாமல் நம் ஆட்களின் காணிக்கையால் நம் ஆட்களையே அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். ஆந்திராவில் தோர்னக்கல் பக்கம் போனார்கள். அதற்கு முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா உன் புகுந்த வீட்டுக்குப் பக்கத்து ஊரான வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். இதையெல்லாம் யாரும் பிரசங்கத்தில் சொல்லி எனக்குத் தெரியவில்லை. அம்மா அரிசி எடுக்கும்போது சொல்லித் தெரியும்.

அறுப்பின் பண்டிகை வரும்போது பார். வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி, முருங்கைக்காய், கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் கோயில் முன்னால் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு முருங்கைக்காய்க் கட்டை ஐந்நூறு ரூபாய்க்கு எடுப்பார்கள், எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பார். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள்.

அசனம், அதாவது ஊர்கூடிச் சாப்பிடும் சபை விருந்து, அதைவிடப் பெரிது. வீட்டுக்கு வீடு வரி போட்டு அரிசி, பணம், விறகு சேர்த்து, ராத்திரி முழுக்க ஆண்கள் சமைப்பார்கள். வெந்த சோற்றை ஓலைப்பாயில் கொட்டிக் குவிப்பார்கள். விடியும்போது அந்தக் குவியலில் இருந்து ஆவி எழும்பும், பக்கத்தில் போனால் முகத்தில் அடிக்கும். ஐயர் ஜெபம் செய்துவிட்டுத்தான் முதல் கரண்டி. எல்லாரும் தரையில் ஒரே பந்தி. வேற்று மதத்தாரும் வந்து சாப்பிடுவார்கள், வீட்டுக்கும் வாங்கிப்போவார்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம் என்று திருவிருந்தில் சொல்கிறோமே, அதை நான் சின்ன வயதில் இந்தப் பந்தியை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

கை தட்டிப் பாட வேண்டுமென்றால் பஜனைக்கு வா. ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ராத்திரி முழுக்க வீடு வீடாகப் போவோம். எங்கள் ஆட்கள் உட்கார்ந்து பாடுவது கோயிலில் மட்டும்தான்.

#5 தரங்கை

இடையில் ஒரு லுத்தரன். நான் மயிலாடுதுறைப் பக்கம், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. நாங்கள் 1947 ஐக்கியத்தில் சேரவில்லை.

கோவைப்பெண் சகோதரிக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். சி.எஸ்.ஐ. என்பதே ஒரே மாதிரி இல்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய திருச்சபை ஆகியவை சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஒன்றானவை. அதனால் நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் வழியில் வந்த சபைகளில் ஆராதனை எளிமையாக இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் வழி. அதற்குள்ளேயே நாசரேத், முதலூர், இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி. மிஷன், மெஞ்ஞானபுரம், டோனாவூர் சி.எம்.எஸ். மிஷன். இரண்டும் இங்கிலாந்து ஆங்கிலிக்கன் மிஷனெரி சங்கங்கள். எஸ்.பி.ஜி. சபைகளில் மெழுகுவர்த்தி, அங்கி, பீட அலங்காரம் கொஞ்சம் கூடுதல். நீங்கள் போய்ச் சேர்ந்த இடம் சடங்கு கூடுதலான பக்கம். கோவையில் ஒரு சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போயிருந்தால் இவ்வளவு வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மன் ராகத்தில் வரும் ஞானப்பாட்டும் கர்நாடக ராகத்தில் வரும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் நிற்பது தமிழ்ச் சபைகளுக்கு உரிய அழகு. ஜெர்மன் லுத்தரன் மிஷனெரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி எண்பது தொண்ணூறு வருஷத்துக்குள் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை எழுத ஆரம்பித்துவிட்டார். உங்கள் ஐயர் சொல்லும் வரிக்குச் சபை பதில் பாடும் இடங்களை ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள்.

#6 வைகறை

நான் சொல்லப்போவது கசப்பாக இருக்கலாம். ஆனால் இந்த இழையில் யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒரே பந்தி, ஒரே அப்பம் என்று பனங்குருத்து அக்கா எழுதியதைப் படித்து மனம் நெகிழ்ந்தது. ஆனால் அது சும்மா வந்ததில்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர் சபைகளில் 18-ஆம் நூற்றாண்டிலேயே சாதிக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் யார் முதலில் பாத்திரத்தில் வாய் வைப்பது என்று பிரச்சினை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது, அறவே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்பு. தரங்கை அண்ணன் குறிப்பிட்ட சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர். பலர் லுத்தரன் பக்கம் போனார்கள், ஜெர்மன் லுத்தரன்களின் லைப்சிக் மிஷன் அந்த விஷயத்தில் விட்டுப்பிடித்தது. அண்ணன் கோபிக்க வேண்டாம், உங்கள் சபையாரே இதை எழுதியிருக்கிறார்கள்.

அதனால்தான் எனக்கு அந்த ஒரே பாத்திரம் முக்கியம். எங்கள் தாத்தா சேரியில் பிறந்தவர். டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ். கோயிலில் மண்டியிட்டால், பக்கத்தில் பண்ணையார் வீட்டுக்காரர் வாய் வைத்த அதே வெள்ளிப் பாத்திரம் அவர் வாய்க்கும் வரும். ஐயர் ஒரு வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கொஞ்சம் திருப்பிக் கொடுப்பார். அந்தத் துணி எல்லாருக்கும் ஒன்றுதான். வாரத்தில் ஏழு நாளில் அந்த ஒரு நிமிஷம்தான் அவருக்கு அப்படி. வெளியே வந்ததும் பழைய கதை. உள்ளேயும் கல்லறைத் தோட்டம் பிரிந்திருந்தது. ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்தை அவர் விடவில்லை. காய்ச்சலோடும் போவார்.

கொரோனாவுக்குப் பிறகு பல சபைகளில் தனித்தனிச் சின்னக் கிண்ணம் வந்துவிட்டது. சுகாதாரம் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தனி கிளாஸைப் பார்த்தால் எனக்கு வேறு நினைப்பு வருகிறது. எங்கள் சபைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

#7 தரங்கை

வைகறை தம்பி, கோபம் இல்லை. நீங்கள் எழுதியது உண்மை. எங்கள் ஊரில் பழைய கல்லறைத் தோட்டத்தில் இன்றும் நடுவில் ஒரு சுவர் நிற்கிறது.

#8 கடலோரம்

நான் மணப்பாடு பக்கம், கத்தோலிக்கன். நாங்களும் பூசையில் மாறி மாறித்தான் பதில் சொல்கிறோம். உங்களிடம் கவனித்த ஒரு வித்தியாசம்: நீங்கள் கர்த்தர் என்பீர்கள், நாங்கள் ஆண்டவர் என்போம். நீங்கள் திருவிருந்து, நாங்கள் நற்கருணை. என் நண்பன் வீட்டுத் துக்கத்துக்கு சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போனபோது, இறந்தவருக்காக மன்றாடாமல், அவர் வாழ்ந்ததற்காக நன்றி மட்டும் சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று மட்டும் இரண்டு கல்லறைத் தோட்டத்திலும் ஒரே மெழுகுவர்த்தி வெளிச்சம்தான்.

#9 தேரிக்காட்டான்

வைகறை தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் அதைத் தொட்டிருக்க வேண்டும், தொடவில்லை. எங்கள் ஊர் ஒரே சாதி ஊர், அதனால் எங்களுக்கு அது கண்ணில் படாமலே போய்விட்டது. அதுவும் ஒரு குற்றம்தான்.

திறந்தவானம் தம்பிக்கு: அப்பாவின் அடக்கத்தில் உன்னை வாசிக்கவிடாதது தவறு. எந்த ஒழுங்குச் சட்டத்தை வைத்தும் அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஞானஸ்நானம் பற்றிக் கோவைப்பெண்ணுக்கு. சி.எஸ்.ஐ.யில் குழந்தைக்கும் உண்டு, வயதுவந்து விசுவாச அறிக்கை செய்து பெறுகிறவர்களுக்கும் உண்டு. உன் முழுக்கு ஞானஸ்நானம் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஆனது, அது இங்கே செல்லும். உன்னை யாரும் மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. குழந்தைக்குக் கொடுக்கும்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுக்கிறார்கள், சபையும் கொடுக்கிறது. பிறகு பதினான்கு பதினைந்து வயதில் வகுப்பு நடத்தி, பேராயர் வந்து தலையில் கைவைக்கும்போது, அந்த வாக்கைப் பிள்ளை தன் வாயால் எடுத்துக்கொள்கிறது. கிருபை முதலில், பதில் பிறகு என்பது எங்கள் வரிசை. உங்கள் வரிசை வேறு. பிலிப்பியில் சிறைக்காவலன் வீட்டார் அனைவரும் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது, அந்த வீட்டில் குழந்தை இருந்ததா என்று இருநூறு வருஷம் சண்டை போட்டாலும் தீராது. அவசரப்படாதே. ஐயரிடம் நீயே போய்ப் பேசு, கணவரையும் கூட்டிப்போ.

இன்னொன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். திருவிருந்து முறையில் சமாதானம் கொடுத்தல் என்று ஓர் இடம் வரும். பீடத்தில் இருந்து ஐயர் ஆரம்பிப்பார். ஒருத்தர் கூப்பிய கைகளை அடுத்தவர் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வாங்கிக்கொள்வார், அப்படியே கடைசி வரிசைவரை போகும். இது கேரளத்துச் சுரியானிச் சபைகளின் பழைய வழக்கம். 1950-இல் சி.எஸ்.ஐ. புதிய ஆராதனை முறை வந்தபோது அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்துப் புத்தகத்தில் இல்லாதது. பெரிய வெள்ளியும் வருகிறது, மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார். உன் உடம்புக்கு முடியாவிட்டால் நடுவில் எழுந்து போ, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

#10 கோவைப்பெண்

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை, மன்னியுங்கள். எல்லாவற்றையும் படித்தேன். சிலதைக் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். வைகறை அண்ணன் எழுதியதை வாசித்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார், பிறகு வந்து தொடர்ந்து வாசி என்றார்.

பெரிய வெள்ளி பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை இருந்தேன். சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பேசினார்கள், அதில் ஒருத்தி பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். ஒவ்வொன்றுக்கும் இடையில் பாட்டு, மௌனம். எங்கள் சபையில் மௌனம் என்று ஒன்று கிடையாது, யாராவது துதித்துக்கொண்டே இருப்பார்கள். முதல் மௌனத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மின்விசிறிச் சத்தமும் பின்னால் ஒரு குழந்தையின் கொலுசுச் சத்தமும்தான் கேட்டன. ஐந்தாவது மௌனத்தில் நான் எங்கள் சபை வழக்கப்படி ஆவியில் நிறைந்து அந்நிய பாஷையில் மெல்ல ஜெபித்தேன். பக்கத்தில் அத்தை இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் கோயில் வாசலில் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொடுத்தார்கள். என் கிண்ணத்தில் அத்தை தன் துவையலையும் சேர்த்து வைத்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி என்றார்.

தேரிக்காட்டான் ஐயா சொன்ன சமாதானம் கொடுத்தலை ஈஸ்டர் அன்று கவனித்தேன். மாமாவுக்கும் சின்ன மாமாவுக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு. மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. ஆனால் இருவரும் பல வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவார்களாம், இடத்தை மாற்றவில்லை. நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். சின்ன மாமா கைகூப்பி நீட்டினார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியே அடுத்தவரிடம் திரும்பிவிட்டார். வெளியே வந்ததும் தனித்தனியாக நடந்து போனார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் இது பொய் என்று தோன்றியது. மனதில் இல்லாததைக் கை ஏன் செய்கிறது என்று நினைத்தேன். எங்கள் சபையாக இருந்தால் பாஸ்டர் இருவரையும் கூப்பிட்டு முழங்கால் போடவைத்து அழவைத்திருப்பார், இல்லையென்றால் ஒருத்தர் வேறு சபைக்குப் போயிருப்பார். இங்கே மூன்று வருஷமாக மாதம் இரண்டு முறை கையைப் பிடிக்கிறார்கள், ஆனால் பேசுவதில்லை. எது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் பொய் என்ற வார்த்தையை எடுத்துவிட்டேன்.

ஐயரிடம் கணவரும் நானும் போய்ப் பேசினோம். ஒரு மணி நேரம் கேட்டார். உடனே கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. முதலில் குழந்தை பிறந்ததற்கு ஸ்தோத்திர ஜெபம் செய்வோம், பிறகு இருவரும் ஒருமனமாக வாருங்கள், இல்லையென்றால் பிள்ளை வளர்ந்து தானே கேட்கட்டும் என்றார். அத்தைக்கு வருத்தம்தான். அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதல். குழந்தை ஞானஸ்நானத்தை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, அதை மறைக்கவும் விரும்பவில்லை. திறந்தவானம் அண்ணனின் அப்பாவுக்காகவும் அன்று ஐயரிடம் பேசினேன், பெயர் சொல்லாமல். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இப்போது ஒன்று செய்கிறேன். சோறு வைக்கும்போது கைப்பிடி அரிசியை நான் எடுக்கிறேன். எங்கள் வீட்டு டப்பா பூஸ்ட் டப்பா. எடுக்கும்போது என் வாயில் வருகிற ஜெபத்தைச் சத்தமாகச் சொல்கிறேன். அத்தை ஆமென் என்கிறார்.

#11 திறந்தவானம்

சகோதரி, நன்றி. வேறு எழுத வரவில்லை.

#12 கோவைப்பெண்

பனங்குருத்து அக்கா, வருகிற மாதம் எங்கள் ஊரில் அசனம். வீட்டுக்குச் சோறு வாங்க நான் தூக்குவாளி எடுத்து வைத்தேன், அத்தை அது போதாது என்கிறார். எதில் வாங்குவீர்கள்?

#13 பனங்குருத்து

தூக்குவாளியைக் குழம்புக்கு வைத்துக்கொள். சோற்றுக்கு அகலமான ஓலைப்பெட்டி, உள்ளே வாழையிலை விரித்து. பிளாஸ்டிக் வாளி வேண்டாம், ஆவியில் வேர்த்துச் சோறு சீக்கிரம் கெட்டுப்போகும். நீ வரிசையில் நிற்காதே, உன் வீட்டுக்காரரை அனுப்பு. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வாங்கச் சொல்.